சவுனாவில் வைத்த பெட்டி

ஜனவரி 14, செவ்வாய்

குடியிருப்போர் கூட்ட அறிவிப்பு வந்திருக்கிறது. கீழ்த்தளத்துப் பொதுச் சவுனாவை, எங்கள் நீராவிக் குளியலறையை, மூடிவிட்டு அங்கே சைக்கிள் நிறுத்தப் போகிறார்களாம். தலைவர் அஹ்தி ரவுத்தியோவை லிஃப்டில் பிடித்துக் கேட்டேன். “யாரும் போறதில்ல டூய்ரே. வெறும் கல்லைச் சூடாக்கிட்டிருக்கோம்,” என்கிறார்.

நாங்கள் போகிறோமே! வியாழன் மாலை ஐந்து மணி எங்கள் முறை. பக்கவாதம் வந்த பிறகு என்ஸியோவுக்கு எதற்கும் “சரி” என்ற ஒரே சொல்தான். சட்டை பொத்தான்கூட நான்தான் போட வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வலது கை இளகிவிடும்; அகப்பையை அவரே எடுத்து, ஆவி எழ அடுப்புக் கல்மேல் தண்ணீர் ஊற்றுவார். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் என் புருஷன். மற்ற நேரமெல்லாம் நோயாளி. அதைப் பிடுங்க விடமாட்டேன்.

ஜனவரி 18, சனி

காகித ஆலையில் முப்பத்தொரு வருடம் ஈரப்பதக் கருவிகளோடு மல்லுக்கட்டியவள் நான். வெப்பத்தையும் ஈரத்தையும் நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் சமையல் மேசையிலேயே செய்துவிட்டேன். யாராவது தண்ணீர் ஊற்றினால் ஈரம் ஜிவ்வென்று ஏறும். யாரும் போவதில்லையா? எண்ணிக் காட்டுகிறேன். உருக்கி ஒட்டும் பசையால் சவுனாவின் கூரையடியில் ஒட்டியாயிற்று.

ஜனவரி 23, வியாழன்

பசை சூட்டில் உருகிப் பெட்டி என் மடியில் விழுந்தது. சவுனாவில் போய் உருகும் பசை! முப்பத்தொரு வருட அனுபவமாம். என்ஸியோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். உட்காரும் பலகைக்கு அடியில் திருகாணியால் முடுக்கிவிட்டு வந்தேன்.

ஜனவரி 25, சனி

நான்காம் மாடி சைமி அதைக் கேமரா என்று நினைத்துத் துண்டோடு மாடியேறி ஓடியிருக்கிறாள். கதவில் சீட்டு ஒட்டினேன்: “இது வெப்பமானி. உங்களைப் பார்க்காது. பார்க்கும் ஆசை எனக்கும் இல்லை. – டூய்ரே.”

பிப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு வாரக் கணக்கு. ரவுத்தியோ சொன்னது உண்மை. பட்டியலில் வாரத்துக்கு ஒன்பது குடும்பங்களின் முறை. தண்ணீர் ஊற்றியது மூன்றில் மட்டும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10

எண்களைத் திருத்த ஒரு நிமிடம் போதும். யாருக்குத் தெரியும்? – எனக்குத் தெரியும். சீ.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சூட்டைப் பார்க்கவில்லை! சவுனா நாட்களில் அடுப்பு எரியத் தொடங்குவது நான்கு மணிக்கு. முதல் முறையும் நான்கு மணிக்கே. கல் சூடேற ஒரு மணி நேரமாவது வேண்டாமா? எண்பது டிகிரி வேண்டிய இடத்தில் முதலில் வருபவர் இருபதில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் ஊற்றிய மூன்றும் ஐந்து மணிக்கு வரும் இரண்டாம் முறைகள். எங்களுடையதும் அதில் ஒன்று.

மின்சாரம் மிச்சமாகும் என்று போன இலையுதிர்காலத்தில் அடுப்பு நேரத்தை மாற்றி வைத்தது யார்? சாட்சாத் ரவுத்தியோ. குளிர்ந்த சவுனாவில் உட்கார்ந்தவர்களில் ஒருவராவது வாயைத் திறந்தார்களா? நம் ஊர் ஜனங்கள் எழுந்து போய், பட்டியலில் தங்கள் பெயரைச் சத்தமில்லாமல் அடித்துவிட்டு வருவார்கள். சாவார்கள், குறை சொல்லமாட்டார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

கூட்டம். சூட்டின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கேட்டேன், “குளிர்ல உட்கார்ந்தவங்க யாரு? கையைத் தூக்குங்க.”

ஒருவரும் அசையவில்லை. நானும் உட்காரவில்லை. கடைசியில் சைமி கை தூக்கினாள். “ஆமா, சில்லுனுதான் இருந்துச்சு. சொல்லணும்னு தோணல.” பிறகு ஒவ்வொன்றாய்ப் பதினோரு கைகள். கடைசிக் கை ரவுத்தியோவுடையது. “எனக்கு வயசாயிடுச்சு, அதான் சூடு உறைக்கலன்னு நினைச்சேன்,” என்றார். 

அடுப்பு இனி மூன்று மணிக்கு. சவுனா மூடப்படாது.

மார்ச் 9, ஞாயிறு

பட்டியல் நிரம்பி வழிகிறது; இனி ஞாயிறு காலையிலும் அடுப்பைப் போடப்போகிறார்கள். எல்லா முறைகளையும் புதிதாய்ச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வியாழன் ஐந்து மணி ரவுத்தியோவுக்கு! எங்களுக்கு ஞாயிறு காலை எட்டு. காலையில் என்ஸியோவின் உடம்பு கட்டை; கட்டிலைவிட்டு இறக்கவே முடியாது. யாருக்காக மல்லுக்கு நின்றேன்? தேங்காய் உடைத்தது நான், பொறுக்கிக்கொண்டது ஊர். 

மார்ச் 12, புதன்

ரவுத்தியோ வாசலில் வந்து நின்றார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. “வியாழக்கிழமைய நீங்களே வச்சுக்கங்க. எனக்கு ஞாயிறு காலையே போதும்.”

இரக்கப்படுகிறாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “குலுக்கல்னா குலுக்கல்தான். உங்க தயவெல்லாம் எங்களுக்கு–”

“வாங்கு.”

திரும்பினேன். என்ஸியோ நாற்காலியில் முகம் சிவக்க என்னை முறைத்துக்கொண்டிருந்தார். “வாங்கு,” என்றார் மறுபடியும், இன்னும் கோபமாக.

பத்து மாதத்தில் புதிதாய் வந்த முதல் சொல். அதுவும் என்னை எதிர்த்து.

வாங்கிக்கொண்டேன்.