கேட்க ஆளில்லாத சீட்டுகள்

மறைமலை நகர், 1991

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நம் கேள்விச் சீட்டுகள் விளையாட்டுச் சீட்டுகள் இல்லை என்று இன்று அறைத்தோழி கிளியம்மாளிடம் நான் சொல்லவில்லை. படித்தது மறக்காமலிருக்க, கேள்வி ஒருபுறமும் விடை மறுபுறமுமாக நீங்களும் நானும் வீட்டில் எழுதிவைத்த சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, தனியா சீட்டாடிக்கினு கீறே? எனக்கும் ஒரு கை போடு.”

எதிரே ஒருத்தி உட்கார்ந்தால் போதுமென்று போட்டேன்.

“ராஜா ராணி ஒருத்தரையும் காணோமே! கிரகணம் எப்டி வருதுன்னு கேக்குது!”

இருவரும் சிரித்தோம்.

நீங்கள் கேட்பதுபோல் இல்லை; நானே கேட்டால் விடையும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது, அப்பா. இனி கடிதந்தோறும் ஒரு கேள்வி எழுதுங்கள், விடை வேண்டாம். தலைவலித் தைலமும் அனுப்புங்கள். விடுதி மெஸ்ஸில் சோறு தீர்ந்துவிடும், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
சசிரேகா

பி.கு.: கிளியம்மாள் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். மீதிக் கேள்விகளை நானே கேட்டுக்கொண்டேன்.