கிழக்கில் போட்ட வாசல்

இன்று காலை பட்டறையில் மரம் வந்து இறங்கியது. மழையில் நனைந்த கட்டையை அறுத்ததும் எழுந்த வாசனையில் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். "இந்த வாசன மட்டும் எங்க ஊர் மாதிரியே இருக்கு" என்று நீங்கள் சொல்லாத நாள் உண்டா, அண்ணே? இன்று யாரும் சொல்லவில்லை.

இந்த மலாய் மண்ணில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் பட்டறையில் எங்களோடு நின்று உளி பிடித்த ஒரே வெள்ளைக்காரர் நீங்கள். பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போய், ஊர் திரும்ப வழியில்லாமல், கப்பல் மாறி மாறி இங்கே வந்து சேர்ந்த உக்ரேன்காரர். துரை என்றால் கோபம் வரும். "தொரை பங்களால இருக்காரு. நான் அண்ணன் லா" என்பீர்கள். ஆனாலும் முதுகுக்குப் பின்னால் உங்களுக்கு 'ஆணியில்லாத் துரை' என்றுதான் பெயர். உங்கள் ஊர் வேதக் கோவிலை ஓர் ஆணிகூட அடிக்காமல் மரத்தாலேயே கட்டினார்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வீர்கள்!

நான் மட்டும் சலிக்காமல் கேட்டேன். ஆற்றங்கரையில் இருந்த ஊர். வெள்ளம் பாதி வீடுகளை இழுத்துப்போனதும் எல்லோரும் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். கோவிலை விட்டுப்போக மனம் வரவில்லை. கட்டைக்குக் கட்டை கோடரியால் அடையாளம் வெட்டி, கழற்றி, மாட்டுவண்டியில் ஏற்றி, மேலே மறுபடி அடுக்கினார்களாம். சண்டையில் பட்டாளத்தார் கோவில் மணியை இறக்கிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஊரிலிருந்து உங்களுக்குக் கடிதமே இல்லை. கோவில் இன்னும் நிற்கிறதா என்பதும் தெரியாது.

"மறந்துபோறதுக்கு முன்னாடி வரைஞ்சு குடு, தம்பி" என்றீர்கள். ரயில் பெட்டிகளின் வரைபடங்களைப் படியெடுப்பதுதானே என் பிழைப்பு. நீங்கள் சொல்லச் சொல்ல ஆறு, மேடு, மூன்று கூம்புகள், மரச்சில்லுக் கூரை எல்லாம் வந்தன. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மலாயில் மெதுவாக "பிந்து சாலா" என்றீர்கள்.

கதவு தப்பு என்று அர்த்தம். கோவில் என்ற சொல்லை நீங்கள் எங்களிடம்தான் கற்றீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு என் கை தானாகவே வாசலைக் கிழக்கே, ஆற்றைப் பார்க்கப் போட்டுவிட்டது. உங்கள் ஊரிலோ மேற்கே நுழைந்து கிழக்கைப் பார்த்துக் கும்பிடுவார்களாம். "செத்தா பொதைக்கிறதும் அப்படித்தான். கால் கிழக்க. கடைசி நாள்ல எந்திரிச்சா சூரியன் தெரியணும்."

"அடுத்த ஞாயிறு மாத்திடுறேண்ணே" என்று சிரித்தேன். அந்த ஞாயிறு கிள்ளானில் ஒரு கல்யாணம், போய்விட்டேன். அதற்கடுத்த ஞாயிறு வருவதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தில் குழியை வடக்கு தெற்காக வெட்டியிருந்தார்கள். "எல்லாருக்கும் இப்படித்தாங்க" என்றார் வெட்டியவர். பாதிரியாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, மண்வெட்டியைப் பிடுங்கி நானே கிழக்கு மேற்காக வெட்ட ஆரம்பித்தேன். முணுமுணுத்துக்கொண்டே அவரும் கூட வெட்டினார். உங்கள் கால் கிழக்கே இருக்கிறது, அண்ணே. அதில் தப்பில்லை.

படம் என் பெட்டியில்தான் இருக்கிறது. கிழக்கு வாசலை உங்களைப் புதைத்த அன்றைக்கே அழித்துவிட்டேன். மேற்கே போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நான் முதலில் போட்டது எங்கள் கோவிலின் இரட்டைக் கதவு. உங்கள் ஊர்க் கதவு எப்படி இருக்கும் என்று கேட்கவே இல்லை. இனி யாரைக் கேட்பது? இந்த ஊரில் அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் கோவிலுக்கு இப்போது வாசலே இல்லை. நான் வெளியே நிற்கிறேன், அண்ணே.