கோட் அறையில் வாசித்த கதையைத் தொகுப்பில் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
ஐஜர்கின் சாபிர் கிசி,
ஆற்றங்கரைச் சாலை,
கோக்தாலா நகர்.

பெறுநர்:
உயர்திரு எசென்கான் அவர்கள்,
பண்பாட்டுத் துறைத் தலைவர்,
கோக்தாலா மாவட்டம்.

பொருள்: மாவட்ட நூலகத்தின் ‘நம்மூர் எழுத்தாளர் வாசிப்பு’ – என் கதையைத் தொகுப்பு நூலில் சேர்க்க மறுத்தது – மறு ஆணை வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை முன்பே எழுதியிருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். அதிகாரிக்கு எழுதி வேறு ஏதும் வம்பு வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. காய்ச்சல் தணிந்துவிட்டது. பயமும் ஏறக்குறைய.

1. நான் ஆசிரியர் கல்லூரியில் படித்தவள், கைக்குழந்தையின் தாய். கணவர் மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறார். நூலக வாசிப்பில் கலந்துகொள்ளும் உள்ளூர்க்காரர்களின் எழுத்து வசந்தத்தில் நூலாக வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி வாசிப்பில் கடைசியாக வாசிக்க வேண்டியவள் நான்.

2. எனக்கு முன்னவர் வாசிக்கையில் என் மகள் பெர்மெத் அழுதாள். கூட்டத்தைக் கெடுக்க வேண்டாமென்று பின்னறைக்குப் போய்ப் பால் கொடுத்தேன். என் நாற்காலி காலியாக இருந்ததால், நிகழ்ச்சி முடிந்ததென்று எண்ணி, தலைமை வகித்த தாங்கள் உள்ளங்கைகளை ஏந்தி நிறைவு ஆசி சொல்லிவிட்டீர்கள். நான் திரும்பி வந்தபோது எல்லோரும் ஆசியை ஏற்று முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்கள். ஆசி சொன்ன பின் யார்தான் மறுபடி உட்காருவார்கள்? மலைக் கணவாயைப் பனி மூடுமுன் கிளம்ப வேண்டிய அவசரம் தங்களுக்கு. இதில் தங்கள்மீது எனக்குக் குறை இல்லை.

3. வருவோர் குளிர்கோட்டைக் கழற்றி வைக்கும் கோட் அறையில் குழந்தையைப் போர்த்தும்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை. அங்கே கோட்டுகளை எடுத்துக் கொடுக்கும் சாய்ரா அக்கா அதைப் பார்த்து விவரம் கேட்டார். எல்லோரும் கோட்டுப் போட வந்துவிட்டார்களே, இனி யார் கேட்பார்கள் என்றேன். “என்னடி, கோட்டு போட்டா காது அடைச்சிருமா? இங்கயே வாசி. இவ முடிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் கோட்டு கிடையாது!” என்று சொல்லி, வழியை மறித்து நின்றுகொண்டார். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், “அப்ப சீக்கிரம் வாசிம்மா, போயி மாடு கறக்கணும்” என்றார்.

4. வாசித்தேன். பெர்மெத் அக்காவின் தோளில் இருந்தாள். வெளிநாட்டில் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த கணவன், போனில் ‘நல்லா இருக்கேன்’ என்கிறான். மாட்டை விற்றுவிட்ட மனைவி, ‘நாங்களும் நல்லா இருக்கோம், மாடு நல்லா கறக்குது’ என்கிறாள். இதுதான் என் கதை. “ஐயோ, இது என் வீட்டு போனு! யாருடி இவகிட்ட சொன்னது?” என்று ஒரு பெண் கத்த, அறையே சிரித்தது. கடைசிப் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. மாடு கறக்க வேண்டியவர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

5. மறந்துவிட்ட கல்பாக் தொப்பியை எடுக்க வந்த தாங்களும் கதவருகே நின்று கேட்டீர்கள். “ஐயா, உள்ள நடந்ததை முடிச்சு வெச்சது நீங்கதானே? இதையும் நீங்களே முடிச்சு வைங்க” என்றார் சாய்ரா அக்கா. தாங்கள் தொப்பியை அணிந்து, கைகளை ஏந்தி, “இந்தப் பொண்ணோட எழுத்து கணவாயத் தாண்டிப் போகட்டும்” என்றீர்கள். அத்தனை பேரும் “ஓமின்”, அப்படியே ஆகட்டும் என்றார்கள். பெர்மெத்தின் கையைப் பிடித்து அவள் முகத்தையும் தடவிவிட்டேன்.

6. ஆனால் நூலக இயக்குநர் ரக்கியா அம்மையார், ஆசிக்குப் பிறகு நடந்தது கூட்டமே அல்ல, கோட்டுக்காகக் காத்திருந்தவர்களின் பொழுதுபோக்கு என்று கூறி என் கதையை விலக்கிவிட்டார்.

7. அம்மையாரின் வாதத்தை நான் மறுக்கவில்லை, அதையே பற்றிக்கொள்கிறேன். ஆசி சொன்னால் கூட்டம் முடிந்தது. சரி. அன்று தாங்கள் இரண்டு முறை ஆசி சொன்னீர்கள். இரண்டாவதாக நடந்தது கூட்டம் இல்லையென்றால், தாங்கள் முடித்து வைத்தது எதை?

8. இப்போது சந்தையில் பெண்கள் என்னைக் கண்டால் “மாடு நல்லா கறக்குதா?” என்று கூவுகிறார்கள். மார்ச்சில் வாசிக்க இருப்பவர் தனக்குக் கோட் அறைதான் வேண்டுமென்று கேட்டிருக்கிறார். இதைக் கர்வத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்தருள்க.

ஆகவே, அன்று நடந்தது முறையான வாசிப்பே என்று ஏற்று, என் கதையைத் தொகுப்பில் சேர்க்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அச்சகம் கணவாய்க்கு அப்பால்தான் இருக்கிறது, ஐயா. தங்கள் வாக்கு பலிக்க என் கதை அவ்வளவு தூரம் போனால் போதும்.

இடம்: கோக்தாலா
நாள்: மார்ச் 4

இங்ஙனம்,
தங்கள் ஆசி பெற்ற,
ஐஜர்கின் சாபிர் கிசி
(கையொப்பம்)