வளைவில் சாயாத கார்

786

மட்டாஞ்சேரி
14-9-1963

அன்பு மகன் நைனா முகம்மதுவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கை லதீஃபாவும் சுகமாகவே இருக்கிறோம். சிங்கப்பூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். மழை இன்னும் விட்டபாடில்லை, பஜார் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், மிளகுச் சாக்குகளை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் ஐந்தரைப் பக்கம் கார். மீதி அரைப் பக்கத்தில் அம்மாவின் மூட்டுவலியை விசாரித்திருக்கிறாய், மெத்த சந்தோஷம். கம்பெனி உனக்கு ஜெர்மன் கார் வாங்கித் தருவதும், அதற்குமேல் வேண்டிய விசேஷ உருப்படிகளை உன் கைக்காசில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வதும் பெருமையான விஷயந்தான். கெட்டி ஸ்பிரிங், வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி, அகலச் சக்கரம், பவர் ஸ்டியரிங் என்று நாலையும் எழுதி, முப்பது வருஷம் கார் ஓட்டிய அத்தா யோசனை சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "சீட்டாவது சும்மா தருவானுகளா, இல்ல அதுக்கும் தனியா காசு கெட்டணுமா, கேட்டு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

கெட்டி ஸ்பிரிங் போட்டால் அறுபது மைல் வேகத்தில் வளைவில் திரும்பினாலும் வண்டி சாயாது என்று கடைக்காரன் சொன்னானாம். உன் வீட்டிலிருந்து ஆபீசுக்கு நாலு மைல், வழியில் இரண்டே வளைவு, இரண்டிலும் போலீஸ்காரன் நிற்கிறான் என்று போன வருஷம் நீயேதான் எழுதினாய். அந்த இரண்டு போலீஸ்காரர்களும் உன் வண்டி சாயாமல் திரும்புவதைப் பார்த்து சலாம் வைப்பார்கள் போலும். நம் முதலாளி நாலு வருஷம் முன்பு இங்கிலீஷ் கார் எடுத்து என் கையில் கொடுத்தபோது அவருக்கும் ஒரு ஏஜெண்டு இதே பாட்டைப் பாடிக் கெட்டி ஸ்பிரிங்கைத் தலையில் கட்டினான். பஜார் ரோட்டில் கைவண்டிக்குப் பின்னால் கைவண்டி வேகத்தில் போகிற காருக்கு அது. முதல் நாளே முதலாளிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. காலி லாரி துள்ளினால் பாரம் ஏற்றுவதுதானே நம் ஊர் வழக்கம், முதலாளியும் யோசிக்காமல் இரண்டு சாக்கு சுக்கை டிக்கியில் ஏற்றச் சொல்லிவிட்டார். துள்ளுவது நின்றது. அதன்பிறகு கல்யாண வீடோ மையத்து வீடோ, எங்கே போனாலும் சுக்கும் கூடவே வந்தது, எங்கள் சட்டையெல்லாம் கஷாய வாடை. கூடுதல் காசு கொடுத்துக் கெட்டியாக்கி, அப்புறம் சுக்கு வைத்து மெதுவாக்கின புத்திசாலிகள் நாங்கள். சாயாமல் பிடிக்கும் கம்பியும் அகலச் சக்கரமும் அதே ஜாதிதான், பந்தயத்துக்குப் போகிறவனுக்கு வேண்டும், நீ போவது ஆபீசுக்கு.

பவர் ஸ்டியரிங்கை மட்டும் நான் கேலி செய்யமாட்டேன். போன மாதம் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனி துரையின் டிரைவர் அதைக் காட்டினான். நின்ற இடத்திலேயே, ஒற்றைக் கையால், இடமும் வலமும் திருப்பினேன். இறங்க மனமே வரவில்லை. இதற்குக் கொடுக்கிற காசு தகும்.

ஏன் இறங்க மனம் வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். பக்ரீத் கழிந்த வாரம் ஜூத்தெரு முனையில் திருப்பும்போது என் வலது தோள் பிடித்துக்கொண்டு கை ஏறவில்லை. எதிரே கைவண்டி. பிரேக்கை மிதித்தேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷம் கனத்த ஸ்டியரிங்கை இழுத்ததன் தேய்மானம், இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவியை நானே முதலாளியிடம் கொடுத்தேன். இப்போது கிடங்கு லாரி ஓட்டிய பாலையாதான் காரை ஓட்டுகிறான், நான் கிடங்கு வாசலில் உட்கார்ந்து சாக்கு எண்ணுகிறேன். உனக்கு எழுத வெட்கமாக இருந்தது, அதனால்தான் நாலு மாதமாக இதை மட்டும் எழுதவில்லை.

லதீஃபாவின் நிக்காஹ் ரஜப் பிறை பத்து, அதாவது நவம்பர் கடைசி வாரம், மாப்பிள்ளை வீடு களமசேரி, உனக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும் வண்டியை நம் வீட்டு ஆண்தான் ஓட்டுவது என்று வழக்கமாகிவிட்டது. என் தங்கைகளான உன் மாமிகள் இருவரையும், உன் அக்காள் சுல்ஃபத்தையும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். இப்போதும் முதலாளி காரைத் தருகிறார், பாலையாவும் தயார். லதீஃபாவோ, "அத்தாவுக்கு முடியலேன்னா அண்ணன் ஓட்டட்டும், வேற ஆளு ஓட்டுனா நான் பஸ்ஸுல போறேன்" என்கிறாள். கல்யாணப் பெண் பட்டுச்சேலையோடு பஸ்ஸுக்கு வரிசையில் நின்றால் மட்டாஞ்சேரிக்கு ஒரு மாதத்துக்குப் பேச்சுக்குப் பஞ்சமிராது.

நீயோ, விசேஷ உருப்படிகள் ஜெர்மனியிலிருந்து வர ஜனவரி ஆகும், காரைக் கையில் வாங்கிய பிறகுதான் லீவு, நிக்காஹுக்கு வர இயலாது, துஆ செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். துஆ களமசேரி வரைக்கும் வண்டி ஓட்டாது மகனே. பவர் ஸ்டியரிங் மட்டும் உள்ள கார் ஒன்று கடையில் இப்போதே நிற்கிறது என்பதும் உன் கடிதத்திலேயே இருக்கிறது, நான்காம் பக்கம். அதை எடுத்துக்கொள். மற்ற மூன்றையும் அடித்துவிடு. காரைக் கம்பெனி ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டு நவம்பர் முதல் வாரக் கப்பலில் நாகப்பட்டினம் வந்து ரயிலேறு. நான் உன்னிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை, இதைக் கேட்கிறேன். நீ வரவேண்டும். நீ ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன், கியரைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசமாட்டேன், அம்மா மேல் ஆணை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான பரக்கத்தும் தருவானாக. தொழுகையை விடாதே, மழையில் நனையாதே. உன் இங்கத்திய லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்தது, புதுப்பிக்கிற மனுவை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பதில் கடிதம் எழுதச் சிரமப்படாதே, அந்தக் காகிதம் கையெழுத்தோடு திரும்பி வந்தால் போதும், பாலையாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்கும் அத்தா
மு. கமாலுதீன் ராவுத்தர்