மாசி மாதத் தாளில் சுற்றிய ஊசி

அண்ணாச்சி,

என் மேசையில் ஒரு நாட்காட்டித் தாள் கிடக்கிறது. மிஷின் எண்ணெய் ஊறிப்போய்ப் பழுப்பேறியிருக்கிறது. விசிறியைப் போட்டால் பறந்துவிடும் என்று வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தாளுக்குள் இருந்தது சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு எஃகு ஊசி. முகர்ந்து பார்த்தேன். உங்கள் பட்டறை வாசம் அப்படியே இருக்கிறது.

இன்று காலை உங்கள் வீட்டுக்காரம்மா பெருமாநல்லூரில் என் பனியன் கம்பெனிக்கே வந்து இதைக் கொடுத்தார். "ஒங்க சாமான்தான். அவிய சாகதுக்கு முந்தி எங்கிட்ட தந்தாவ. மொதலாளி மனசு விட்டுச் சிரிக்குத நாளாப் பாத்துக் குடுன்னு சொன்னாவ" என்றார்.

"அப்ப இந்த ஒரு வருசமா நான் சிரிக்கவே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"போன வாரம், லீவுக்கு வந்திருந்த பேத்தியத் தூக்கிட்டுக் கடைத்தெருவுல போனியள்லா, அன்னைக்குத்தான் பாத்தேன்" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

ராயபுரத்தில் உங்கள் லேத் பட்டறையின் வழக்கம் இந்த ஊர் நிட்டிங் மிஷின்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாகம் முடிந்தாலும் அன்றைய தேதித் தாளைக் கிழித்து அதில்தான் சுற்றிக் கொடுப்பீர்கள். "என்னைக்கு முடிச்சோம்னு தாளே சொல்லும், நமக்கு எதுக்கு வாய்ச்சண்டை" என்பீர்கள். இந்தத் தாளில் இருப்பது மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. நான் துப்பாக்கியை உங்களிடம் கொடுத்தது தை மாதம். "முடியல மொதலாளி, தோத்துட்டேன்" என்று நீங்கள் திருப்பிக் கொடுத்தது ஐப்பசியில்.

தாளை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் மாசிதான்.

அது அம்மாவைப் பெற்ற எங்கள் அப்புச்சியின் ரைஃபிள். பின்பக்கம் திறந்து தோட்டா போடுகிற வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். அதற்குரிய தோட்டா விளிம்பில் அடி விழுந்தால் வெடிக்கிற ரகம். அது கடைகளில் வருவது நின்று எத்தனையோ காலம் ஆயிற்று. அந்த அளவில் இப்போது கிடைப்பதற்கெல்லாம் நட்ட நடுவில் அடி விழ வேண்டும். கோயம்புத்தூர்த் துப்பாக்கிக் கடையில், "செவுத்துல மாட்டி அழகு பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் கோணியில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்தேன். குண்டடத்துத் தோட்டத்தில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடிக்கின்றன, நடுவில் அடிக்கிற ஊசி ஒன்று செய்து, புதுத் தோட்டாவுக்கு மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

நாய் கடித்தது நிஜம். துப்பாக்கி நாய்க்காக இல்லை, அண்ணாச்சி. எனக்காக.

என் வீட்டுக்காரி தவறிப்போய் அப்போது ஒன்றரை வருஷம். மகள் சிங்கப்பூரில். மின்வெட்டு வேறு, பாதி நாள் மிஷின்கள் சும்மா நிற்கும், நான் அவற்றுக்கு நடுவே சும்மா நடப்பேன். பெரிதாக அழுததுகூட இல்லை. சாப்பிடுவது, குளிப்பது, கையெழுத்துப் போடுவது எல்லாமே யாருக்கோ செய்கிற கூலிவேலை மாதிரி ஆகிவிட்டது. செத்தால் ஓய்வு கிடைக்கும் என்று தோன்றியது. களைப்பு மனிதனை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

அன்றைக்கு நீங்கள் லேத்தை ஓட்டிக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல் கேட்டீர்கள். "தோட்டா எத்தன வாங்கப் போறிய, மொதலாளி?"

"ஒண்ணு போதுங்க அண்ணாச்சி" என்றேன்.

லேத் நின்றது. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மேலே பார்த்தால் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் கையைத் துணியில் துடைத்தபடி என்னைப் பார்த்தீர்கள். "சட்டப்படி இத நான் தொடக் கூடாது. ஆனா வேற எவங்கிட்டயும் குடுத்துராதிய. நானே செய்யுதேன். ஒண்ணு மட்டும், சனிக்கிழம தோறும் நீங்க வரணும். நீங்க பக்கத்துல இல்லாம எனக்கு அளவு சரி வராது."

உங்களுக்கா அளவு சரி வராது? தலைமுடிப் பருமனைக் கண்ணால் பார்த்துச் சொல்கிற மனிதர். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. என் புத்தி எங்கே இருந்தது என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

சனிக்கிழமை தோறும் வந்தேன். "எஃகு பழசுல்லா, அவசரப்பட்டா கீறிரும்" என்பீர்கள். அடுத்த வாரம் அரம் தேய்ந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் ஸ்பிரிங் சரியில்லை. ஒரு பித்தளைத் துண்டையும் அரத்தையும் என் கையில் கொடுத்து, தேய்க்கச் சொல்வீர்கள். இருபது மிஷினுக்கு முதலாளி, ஸ்டூலில் உட்கார்ந்து மதியம் வரைக்கும் தேய்ப்பேன். அந்தத் துண்டு எதற்கு என்று கேட்டதற்கு, "பொறவு சொல்லுதேன்" என்றீர்கள். கடைசிவரை சொல்லவே இல்லை.

மதியச் சாப்பாடு உங்கள் வீட்டில். பெருமாள் கிழமை என்று நான் கவிச்சி தொட மாட்டேன். மீன் இல்லாமல் சோறு இறங்காத உங்கள் வீட்டில் சனிக்கிழமை சாம்பார் கொதிக்க ஆரம்பித்தது. முதல் நாள் நீங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நடுவில் தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று ஓலை வந்தது. நீங்கள் கழற்றிப் போட்டிருந்ததை எல்லாம் பனியன் துணியில் மூட்டை கட்டிக் கொண்டுபோனேன். ஏட்டு பிரித்துப் பார்த்து, "இது துப்பாக்கிங்களா, பழைய இரும்புங்களா?" என்றார். திரும்பி வந்து சொன்னதும் நீங்கள் துள்ளிக் குதிக்காத குறைதான். "ரெண்டு மாசம் அங்கயே பத்திரமா இருக்கட்டும். நீங்க மட்டும் சனிக்கிழம வாங்க" என்றீர்கள். துப்பாக்கியே இல்லாத பட்டறைக்கு எதற்கு வர வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. வந்தேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மகள் உண்டாகியிருக்கிற செய்தியைச் சொல்ல ஓடிவந்தேன். பேசினேன், சாப்பிட்டேன், கிளம்பினேன். பஸ் நிறுத்தம்வரை போன பிறகுதான், துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டேன் என்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்கு அது அப்போதே தெரிந்திருக்கும். அடுத்த மாதமே ரைஃபிளைப் பூட்டிக் கொடுத்து, தோத்துட்டேன் என்றீர்கள்.

அதற்கு நான் செய்த கைம்மாறைத்தான் நினைக்க முடியவில்லை. உங்கள் பட்டறைக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் நின்று, பத்துப் பேர் கேட்க, "ஒரு சின்ன வேலைய ஒம்பது மாசம் இழுத்துட்டு முடியலைங்கறாரு. அண்ணாச்சி கை விழுந்துபோச்சுங்க" என்றேன். சும்மா கேலிக்குத்தான். ஆனால் கேலி காலில்லாமல் நடந்தது. இரண்டு கம்பெனிக்காரர்கள் வேலையை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் அதைக் கேள்விப்பட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பெயர் மீண்டிருக்கும். ஒளித்து வைத்திருந்த இந்த ஊசியை எடுத்துக் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. வேலையில் குறை என்று யாராவது சொன்னால் இரண்டு நாள் சாப்பிடாத மனிதர், அந்தப் பெயரோடேயே போய்ச் சேர்ந்தீர்கள்.

காலையில் உங்கள் வீட்டுக்காரம்மா போனதும், வீட்டுக்கு வந்து சுவரிலிருந்து ரைஃபிளை இறக்கினேன். ஊசியை அதன் இடத்தில் வைத்தேன். ஆடாமல் அசையாமல் போய் உட்கார்ந்தது. உடனே எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ராயபுரம் போனேன். அதே டீக்கடை, ஏறக்குறைய அதே ஆட்கள். ஊசியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "அண்ணாச்சி இத ஒரு மாசத்துல முடிச்சுட்டாருங்க. அவரு கை விழுவலைங்க. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன்.

டீக்காரர் ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பறம் ஏனுங்க அத்தன மாசம் இழுத்தாரு?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். இத்தனை காலம் செய்தது அதுதானே. "நான் சாகறதுக்குத்தானுங்க அந்தத் துப்பாக்கியக் கேட்டேன். அது அவருக்குத் தெரிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

டீக்காரர் ஊசியை என் சட்டைப் பையில் அவரே போட்டுவிட்டு, கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

நாளைக்கு ரைஃபிளையும் லைசென்ஸையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடப் போகிறேன். ஊசியைக் கொடுக்க மாட்டேன், அது இனி என் பையிலேயே இருக்கும். களைப்பு இன்னும் போகவில்லை, அண்ணாச்சி. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டேன்.

டீக்கடையிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று, இந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பிட வரலாமா என்று உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன்.

"வாங்க. மீன் வைக்க மாட்டேன்" என்றார்.