உங்கம்மா நேராகக் கேட்ட கேள்வி

நதியா கண்ணுக்கு, திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருந்து உன் அப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கம்மாவும் அயர்ன் பெட்டிக்குச் சமமான சூட்டில் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்க மாகாளியம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் உங்கம்மாவைப் புகழ்ந்து ஒரு வார்த்தை ஆரம்பித்தாலே, சும்மா இருங்க என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் பருப்புப் பொடிப் பார்சலுக்குள் இதை ஒளித்து அனுப்புகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே, உன் அப்பன் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம்.

நான் அயர்ன் போடுகிற எங்கள் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது, தையல் லைன் சூப்பர்வைசர் என்பதால் உங்கம்மாவும் போகிறாள். இப்போது நடப்பது, ஒருவர் கேட்ட கேள்வியை இன்னொருவரிடம் எப்படிச் சொல்வது என்கிற பாடம். வேர் டூ யூ லிவ் என்று ஒருத்தர் கேட்டால் அதை ஹீ ஆஸ்க்டு மீ வேர் ஐ லிவ்டு என்று திருப்ப வேண்டுமாம், கேள்விக்குறியையும் பிடுங்கிவிட வேண்டுமாம். இப்ப இருக்கற ஊட்டைக் கேட்டா எதுக்கு அம்மிணி பழைய ஊட்டைச் சொல்றே என்றேன், உங்களை டீச்சரம்மா கூப்பிடலீங்க, போயி வெங்காயம் உரிங்க என்றாள். சோறு ஆச்சா என்று கேட்டால் அடுப்பு முன்னால் விறைப்பாக நின்று, மை ஹஸ்பெண்ட் ஆஸ்க்டு மீ இஃப் தி ரைஸ் வாஸ் ரெடி என்கிறாள். நான் கேட்டது இங்கிலீஷில் திரும்பி வருகிறது, சோறுதான் வருவதில்லை.

இந்தக் கிண்டல் எல்லாம் போன வாரத்தோடு சரி கண்ணு. எங்கள் கம்பெனியில் பாத்ரூம் போக ஒரு லைனுக்கு ஒரே ஒரு டோக்கன், சுவரில் ஆணியில் தொங்கும். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் அவள் வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. உங்கம்மா லைனில் ஓவர்லாக் தையல் அடிக்கிற காளியாத்தாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தாள், பாவம், முகம் பாதியாகிவிட்டது. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியில் இருந்து ஒரு மேடம் ஆடிட்டுக்கு வருகிறார் என்றதும் பெண்கள் உங்கம்மாவைச் சுற்றிக்கொண்டு, அக்கா நீங்க இங்கிலீசுல கேட்டுப் போடுங்க, எங்க பேரு மட்டும் வரக்கூடாதுங்க என்றார்கள். பேர் வந்தால் வேலை போகும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மேடம் வந்து லைனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பக்கத்திலேயே மேனேஜர் குமாரசாமி. எல்லாத் தலையும் மிஷினுக்குள் போய்விட்டது. உங்கம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, தி லேடீஸ் ஆஸ்க்டு மீ வை தேர் வாஸ் ஒன்லி ஒன் டோக்கன் என்றாள், ஓர் இடத்தில் தடுக்கவில்லை. குமாரசாமி சிரித்த முகம் மாறாமல் தமிழில், கேட்டது யாருங்கக்கா, பேரைச் சொல்லுங்க, நம்ம ஊட்டு விசயம் நாமளே பேசிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே லைன் முழுக்க ஒரு பார்வை ஓட்டினார். காளியாத்தாளின் மிஷின் நின்றுவிட்டது. அந்த அமைதியே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும் போல இருந்தது. எங்கள் இரண்டு பேர் வேலையும் இதே கம்பெனியில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது, அயர்ன் பெட்டியை எடுக்க மறந்து ஒரு டீ-சர்ட்டைக் கண்ணாடி போல மினுக்கி வைத்துவிட்டேன். உங்கம்மா குமாரசாமியைத் திரும்பியே பார்க்கவில்லை. மேடம், ஐ ஆம் ஆஸ்கிங், வை ஒன்லி ஒன் டோக்கன் என்றாள். வகுப்பில் படித்ததை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, யாரையும் முன்னால் நிறுத்தாமல், தன் கேள்வியாக. அப்புறம்தான் குமாரசாமியிடம், நாந்தானுங்க கேட்டேன், எம் பேரையே எழுதிக்குங்க என்றாள்.

மேடம் அதையே குமாரசாமியிடம் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு போனார். திங்கட்கிழமை போனால் ஆணி மட்டும் இருக்கிறது, டோக்கன் இல்லை, இனி வேண்டும்போது எழுந்து போகலாம். உங்கம்மாவை லைனில் இருந்து எடுத்து குடோனில் பீஸ் எண்ணப் போட்டிருக்கிறார்கள். இதோடு விடுவார்களா என்று எனக்குக் கவலைதான், அவளோ, திருப்பூர்ல ஆள் தேவைன்னு போர்டு மாட்டாத கம்பெனி கேட்டு எங்கீங்க இருக்குது என்கிறாள். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் இவள் இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியவில்லை பார். லைனில் வைக்கிற தண்ணீர் கேன் முன்பெல்லாம் சாயங்காலம்கூடப் பாதி மிச்சமிருக்கும், இப்போது சாப்பாட்டு மணிக்கு முன்பே காலி. அடுத்த கேனைத் தூக்கி வைக்கிற வேலை உன் அப்பன் தலையில் விழுந்திருக்கிறது. நேற்று நான் வைத்து முடிப்பதற்குள் காளியாத்தாள் பாட்டிலோடு வந்து நின்று, மெதுவாத் தூக்குங்க மாமா, இடுப்புப் புடிச்சுக்கப் போவுது என்று சிரிக்கிறாள்.

நீயும் நர்ஸ் டூட்டி டூட்டி என்று சாப்பிடாமல் நிற்காதே, காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள். பொடி நமுத்துப்போகும், டப்பாவை இறுக்கி மூடு. நீ நன்றாக இருக்க வேண்டும், நோயாளிகள் வாயார வாழ்த்தும்படி உன் கை ராசியாக இருக்க வேண்டும். உங்கம்மாவிடம் பேசும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, எனக்குச் சோறு வேண்டும்.

அன்புள்ள அப்பன்,
மாரப்பன்