நான் முறைத்தது பிரவுசரைத்தான்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மாமா சுகம், கம்ப்யூட்டர் மட்டும் படுத்து எழுந்து இப்போதுதான் தேறி வருகிறது. அங்கே நீயும் உன்னோடு வேலை செய்பவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றதை எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்கு உன் மேல் துளிக்கூடக் கோபம் இல்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்பது படிக்கப் படிக்கப் புரியும். உன் சுரங்க முகாமில் போன் எடுக்காது, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் கம்பெனி இணையப் பக்கத்தில் முகம் பார்த்துப் பேசுவதோடு சரி. அதனால் சாமான் லாரியில் வரும் தபாலை நம்பி எழுதுகிறேன். ஆபீஸ் வழியாக மெசேஜ் அனுப்பலாமே என்று மாமா சொன்னார். அது உன் மேலதிகாரி படித்த பிறகுதான் உன் கைக்கு வருமாம். அப்பா கோபமாக இல்லை என்பதை முகாமே கூடிப் படிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன தடவை பேசிய அன்று காலையில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். என் தொழில் புத்தி உனக்குத் தெரியும். முதல் ஆள் ஏறுவதற்கு முன்பே லிஃப்டின் கயிறு, கதவு, பிரேக் எல்லாம் பார்த்து முடித்துவிடுகிற மெக்கானிக்காக இருந்தவன், ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. பிரவுசர் ஒரு வாரமாக மூலையில் நின்றுகொண்டு அப்டேட் செய்யவா, அப்டேட் செய்யவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. மகள் பேசப் போகிறாள், எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று அமுக்கிவிட்டேன். “நல்லா ஓடுறத எதுக்கு நோண்டுறீங்க” என்று அம்மா அப்போதே சொன்னாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு விரல் வலிக்க எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

நீ திரையில் வந்தாய், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாய், அம்மா நீ இளைத்துவிட்டாய் என்றாள், அதுவரை வழக்கம்போல் நன்றாகத்தான் போனது. அப்புறம் நீ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்பா, ஒரு விஷயம் சொல்லணும், நீங்க கோபப்படக் கூடாது, நான் முடிவு பண்ணிட்டேன், அடுத்த மாசம் நான்” என்றாய். அவ்வளவுதான். ஒரு கண் பாதி மூடி, வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அம்மா என் தொடையைக் கிள்ளி, “புள்ள யோசிக்குது, சும்மா இருங்க” என்றாள். நாங்களும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தோம். அம்மா உனக்குத் தைரியம் வரட்டும் என்று சிரித்த முகமாகத் தலையைக்கூட ஆட்டினாள். திரையில் இருந்த கடிகாரமும் யோசித்துக்கொண்டிருப்பதை நான்தான் முதலில் கவனித்தேன்.

அணைத்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்றால் அம்மா விடவில்லை. நீ பேசிக்கொண்டிருக்கும்போது எப்படி அணைப்பது என்பது அவள் கட்சி. மறுநாள் மாமா வரும் வரைக்கும் நீ அந்தக் கோலத்திலேயே கூடத்தில் நின்றாய், அம்மா உனக்கு முன்னால் உட்கார்ந்து காய் நறுக்கினாள். அடுத்த மாதம் நீ என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் ஒரே ஆராய்ச்சி. கல்யாணம்தான், பையன் முகாமிலேயே இருக்கிறான், அதனால்தான் நாற்காலியை முன்னால் இழுத்தாய் என்றாள் அம்மா. வேலையை விட்டுவிட்டு வரப் போகிறாய் என்றார் மாமா. எனக்கு மட்டும் இன்னும் தூரமான முகாமுக்குப் போகிறாயோ என்றுதான் தோன்றியது.

மாமாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது, அதனால் திரை உள்ள எதுவும் தன் இலாகா என்று நினைக்கிறார். வந்த உடனே நின்றுபோன திரையில் கண்ட இடத்திலெல்லாம் மவுஸைத் தட்டினார். அது ஒன்றுக்கும் அசையவில்லை. அசையாதபோதும் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டது போலும், கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிய அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. வானிலை, சமையல், முழங்கால் வலிக்கு எண்ணெய், கீழே ஒரு பக்கம் நாங்கள் ஏதோ பரிசு வென்றதாக வாழ்த்தியது. உன் முகம் அதற்கெல்லாம் அடியில் போய்விட்டது. மாமா பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார், திரும்பப் போட்டார், பிரவுசரைத் திறந்ததும் மறுபடி நின்றது. “பவர் பத்தல” என்றார். அவருக்கு எல்லா நோய்க்கும் அது ஒன்றுதான்.

கடைசியில் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்ணைக் கூப்பிட்டோம். வந்ததும் கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் மாற்றவில்லை என்றேன் நான். அம்மா அப்டேட்டில் ஆரம்பித்து, போன வருடம் மிக்ஸியைப் பிரித்துப் போட்டது வரைக்கும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த உபரிச் சாமான்களை, எக்ஸ்டென்ஷன் என்று பெயராம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திறந்தாள், ஓடியது. ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தாள். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒன்றைப் போட்டதும் நின்றது. என் கண்ணுக்கு வசதியாக இருக்கும் என்று எப்போதோ மாமா ஏற்றிக் கொடுத்ததுதான் அது. பிரவுசர் புதுசு, இது அரதப்பழசு, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லையாம். மாமியார் மருமகள் விவகாரம் மாதிரி என்று மாமா சொன்னார், அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் சிட்டு. கோளாறு அதுதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டாமா, மாமா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உன்னோடு பேசுகிற மாதிரியே அவரோடு முகம் பார்த்துப் பேசினேன், அந்தப் பெண் வேண்டுமென்றே பழைய சாமானைத் திரும்பப் போட்டாள். மூலையில் வட்டம் சுற்றியது, எப்போது நிற்கும் என்று அதையே பார்த்தேன், நின்றது. உள்ளே மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவர் போனில் நான் இருக்கிறேன். புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி, நடக்காது என்று சொல்லப் போகிறவன் மாதிரி ஒரு முகம். அசையவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கும் நீ முடிவு பண்ணிவிட்டேன் என்று சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இழுத்தது, மூலையில் அந்த வட்டம் சுற்றியது, நான் அதைத்தான் பார்த்தேன். கோபப்படக் கூடாது என்று கேட்டுக்கொண்ட பிள்ளைக்குப் பதிலாகக் கிடைத்தது இந்த முகம். எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயோ. அப்புறம் எங்கள் பக்கம் லைனும் போயிருக்கும், அப்பா எழுந்து போய்விட்டார் என்று நினைத்திருப்பாய். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். “எனக்கு இந்த மூஞ்சி பழகிடுச்சு, அவ பாவம்” என்றாள்.

அந்த முறைப்பு பிரவுசருக்கு, உனக்கு இல்லை. அடுத்த தடவை பேசும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் அதற்குள் நீ பயந்து முடிவை மாற்றிக்கொண்டு, சும்மாதான் அப்பா, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன். நீ முதல் வேலைக்குக் கிளம்பியபோது, படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று வாசல் வரை வந்து சொன்னவன் நான். இன்றைக்கு நானே படிக்காமல் போடுகிறேன். கல்யாணமானாலும் சரி, வேலையை விட்டாலும் சரி, இன்னும் தூரமாகப் போனாலும் சரி. தூரமாகப் போனால் மட்டும் கொஞ்சம் அழுவேன், அதைச் சம்மதம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. அம்மாவுக்கும் சம்மதம்தான், பையன் என்றால் குறட்டை விடுவானா என்று மட்டும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளச் சொல்கிறாள், அவள் அனுபவத்தில் சொல்கிறாளாம்.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய், தண்ணீர் நிறையக் குடி, புழுதியில் கண்ணைக் கசக்காதே. நீ நினைத்தது நினைத்தபடி நடக்க எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. மறக்காமல் இந்த லாரி திரும்புவதற்குள் ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. நலம் விசாரிப்பெல்லாம் வேண்டாம், அந்த வாக்கியத்தின் மீதி மட்டும் போதும்.

இப்படிக்கு,
அடுத்த மாதம் நீ என்ன செய்தாலும் சரி என்று சொல்லிவிட்ட
உன் அப்பா